புள்ளி அழியாத படி: நூலக ஆய்வில் கையடக்க மின்படியாக்கம்

1. பொருளும் எல்லையும்

வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாத பழைய நூலொன்றின் பக்கங்களை ஆய்வாளர் நூலகத்தில் அமர்ந்தபடியே, பையில் அடங்கும் கருவியால் தாமே மின்படியாக எடுத்துக்கொள்ளும் முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நிறுவனங்கள் பெருங்கருவிகளை நிறுவி ஆயிரக்கணக்கான நூல்களை மின்னூலாக்கும் பணி இதன் எல்லைக்குள் வராது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனமும் அவ்வழியில் செய்திருப்பது பெரும்பணி. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி குறுகியது. கையில் ஒரு கைபேசி, எதிரே ஒரு நூல், நூலகம் மூடுவதற்குள் சில மணி நேரம். இவ்வளவே உடைய ஒருவர் எடுக்கும் படி, பின்னாளில் பாடத்தில் ஐயம் எழும்போது மூலநூலின் இடத்தில் நின்று சான்று சொல்லுமா? அதை எந்த அளவுகோலால் சோதிப்பது? தமிழ் அச்சைப் பொறுத்தவரை மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியே அந்த அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து. கருவித் தேர்வு, ஒளி, கோப்பின் வடிவம் ஆகிய எல்லாம் அதிலிருந்தே முடிவாகின்றன.

2. புள்ளி அளவுகோலாவதன் காரணம்

ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பழுதுபடும். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. ஒகரமும் ஓகாரமும் அப்படியே. ரகரத்தையும் காலையும் பிரித்தறிய இடம்நோக்கிப் படிக்க வேண்டியிருந்தது. எழுதியிருப்பது ‘பல’வா ‘பல்’லா என்பதைப் படிப்பவரே பொருளும் யாப்பும் கொண்டு முடிவுசெய்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுநூல்கள் அச்சேறியபோது அந்தப் பொறுப்பு பதிப்பாசிரியரிடம் வந்து சேர்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது இட்ட புள்ளிகள், ஏடுகளை ஒப்புநோக்கிச் செய்த தீர்ப்புகள். ‘பல்’ நேரசை, ‘பல’ நிரையசை. ஒரு புள்ளி மறைந்தால் அசை மாறும், சீர் மாறும், தளை தட்டும். இரண்டு சொல்லும் பொருள் தருவனவாகையால், பிழை நேர்ந்ததே படிப்பவருக்குத் தெரியாமலும் போகலாம்.

மங்கிய படமொன்று இந்தப் புள்ளியை விழுங்கிவிட்டால், பதிப்பாசிரியரின் தீர்ப்பை அழித்து நூலை மறுபடி ஏட்டு நிலைக்கே தள்ளிவிடுகிறது. ஏட்டில் புள்ளி இல்லை என்பது எல்லோரும் அறிந்தது. படத்தில் புள்ளி அழிந்தது என்பதை யாரும் அறியமாட்டார்கள். இரண்டில் படத்தின் கேடே பெரிது.

3. படியெடுத்தலின் முன்வரலாறு

கையால் எழுதிப் படியெடுப்பதே நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது. அதில் ஒரு நன்மை உண்டு: எழுதுபவர் ஒவ்வோர் எழுத்தையும் படித்தாக வேண்டும். தீமையும் அதிலேயே உள்ளது. படித்தபடி எழுதுவாரே தவிர, இருந்தபடி எழுதுவார் என்று உறுதி சொல்ல முடியாது.

ஒளிப்படம் இந்த நிலையை மாற்றியது. 1927 முதல் 1935 வரை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திலிருந்த நூல்களிலும் கையெழுத்துப் படிகளிலும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை நுண்படமாக்கியது. 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா கேமரா, 35 மில்லிமீட்டர் படச்சுருளைக் கைக்கு அடக்கமான கருவிக்குள் கொண்டுவந்தது. தனி ஆய்வாளர் தாமே பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்ற நிலை அங்கிருந்து தொடங்குகிறது. ராபர்ட் பிங்க்லி என்ற வரலாற்றாசிரியர் 1936இலேயே ஆய்வுப்பொருள்களைப் படியெடுக்கும் முறைகள் குறித்து ஒரு விரிவான கையேடு வெளியிட்டார். இன்று நாம் கேட்கும் கேள்விகளான தெளிவு, செலவு, நிலைபேறு மூன்றையும் அவர் அன்றே கேட்டிருக்கிறார்.

தமிழுக்கு நுண்படம் செய்த நன்மை பெரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆய்வு நூலகமாயின. அங்கே பொடியும் தாளிலிருந்து எத்தனையோ நூல்கள் நுண்படத்துக்கு மாற்றப்பட்டன. நுண்படச் சுருளிலிருந்து எடுத்த மின்படிகள் இன்றும் ஆய்வாளர் கைகளில் புழங்குகின்றன. அவற்றில் கறுப்பு வெள்ளை வேறுபாடு கடுமையாக இருக்கும். தாளின் நிறம், பென்சில் குறிப்பு, நூலக முத்திரையின் மை ஆகியவை தெரியா. அத்தகைய படி ஏற்கெனவே கிடைக்கும் நூலுக்கும்கூட, முக்கியமான பக்கங்களை மட்டுமாவது வண்ணத்தில் மறுபடி எடுத்துக்கொள்வது வீண்வேலை ஆகாது.

4. அளவைக் கணக்கு

ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதே தெளிவின் அடிப்படை. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.085 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. அடிக்குறிப்பில் வரும் சிற்றெழுத்தின் புள்ளி கால் மில்லிமீட்டர் விட்டமுடையது என்று கொள்வோம். 300 பிக்சலில் அப்புள்ளியின் குறுக்கே மூன்று பிக்சல் விழும். 150இல் ஒன்றரைதான், தாளின் கறைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. 400இல் ஏறத்தாழ நான்கு. ஆங்கில அச்சுக்குப் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படும் 300ஐத் தமிழுக்குக் கீழெல்லையாகவும், 400ஐ நாடவேண்டிய அளவாகவும் கொள்வது பொருந்தும் என்பது என் துணிபு.

கைபேசிக் கேமராக்களில் மிகப் பரவலான 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000க்கு 3000 பிக்சல் கொண்டது. டெமி 1/8 அளவு நூலின் பக்கம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலமும் 21.5 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். ஓரம் விட்டு 24 சென்டிமீட்டர் உயரம் படத்துக்குள் வரும்படி ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 420 பிக்சல் கிடைக்கிறது. விரித்த நூலின் இரண்டு பக்கங்களையும் ஒரே படத்தில் எடுத்தால் 340. கணக்கில் இதுவும் 300க்கு மேல்தான். ஆனால் கணக்கு வேறு, கண்ணில் தெரிவது வேறு. வில்லையின் விளிம்புப் பகுதி நடுப்பகுதியைவிட மங்கலாகவே பதியும். கை நடுங்கினால் இன்னும் குறையும். இரட்டைப் பக்கமாக எடுப்பதில் நேரம் பாதியாகிறது என்பது உண்மை. உரைநடை நூலுக்கு, அதிலும் பெரிய எழுத்தில் அச்சானதற்கு, அதை ஏற்கலாம். செய்யுளும் உரையும் அடிக்குறிப்பில் பாடபேதமும் கொண்ட பதிப்புக்கு ஒற்றைப் பக்கமே வேண்டும்.

நாளிதழ்ப் பக்கம் வேறு கதை. ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் உயரமுள்ள தாளை ஒரே படத்தில் அடக்கினால் 188 பிக்சல்தான் மிஞ்சும். தலைப்புகள் தெரியும், செய்தியின் புள்ளிகள் போய்விடும். முழுப்பக்கத்தை ஒருமுறை எடுத்து அமைப்பைப் பதிவுசெய்துகொண்டு, பிறகு நான்கு கூறாக, ஒவ்வொரு கூறும் அடுத்ததன்மேல் சிறிது ஏறி நிற்கும்படி எடுப்பதே வழி.

50 மெகாபிக்சல் என்று விற்கப்படும் கைபேசிகள் வழக்கமான நிலையில் நான்கு பிக்சலை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. முழு அளவில் எடுக்கும் தெரிவு அமைப்புக்குள் தனியே இருக்கும். நல்ல வெளிச்சத்தில் அது பயன்தரும். மங்கல் அறையில் இரைச்சலைத்தான் கூட்டும்.

கணக்கை நம்புவதைக் காட்டிலும் சோதனையை நம்புவது நல்லது. நூலின் மிகச் சிறிய எழுத்துள்ள பக்கத்தைத் தேடி ஒரு படம் எடுத்து, திரையில் முழு அளவுக்குப் பெருக்கி, ‘ன்’ஐயும் ‘ன’வையும், ‘கு’வையும் ‘சு’வையும், ‘எ’யையும் ‘ஏ’யையும் ஐயமின்றிப் பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அதே உயரத்தில், அதே ஒளியில் நூல் முழுவதையும் எடுக்கலாம்.

5. கருவிகள்

மடிக்கணினியின் யு.எஸ்.பி. இணைப்பிலிருந்தே மின்சாரம் பெறும் மெல்லிய தட்டை ஸ்கேனர்கள் எடை குறைந்தவை. ஒளியும் தளமும் மாறாமல் இருப்பதால் படம் சீராக வரும். ஆனால் இவற்றின் உணரி கண்ணாடியை ஒட்டியிருக்கும் பொருளை மட்டுமே கூர்மையாகக் காணும். தையல் பக்கம் கண்ணாடியைவிட்டுச் சற்று எழும்பினாலும் அங்குள்ள எழுத்து கரைந்துவிடும். அதைத் தவிர்க்க நூலைக் கவிழ்த்து முதுகில் அழுத்துவதே பழைய நூல்களின் தையலை முறிப்பது. கண்ணாடியின் விளிம்புவரை வருடும்படி செய்து, நூலை மேசையோரத்தில் பாதி தொங்கவிடும் வகை ஸ்கேனர்கள் இந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கின்றன. அவை கனமானவை, மின்செருகி தேவைப்படுபவை; கையடக்கம் என்று சொல்ல முடியாது. பல நூலகங்கள் ஸ்கேனரை உள்ளே விடுவதும் இல்லை.

கோல் வடிவ ஸ்கேனர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வாளரிடையே பெரும் நம்பிக்கையை உண்டாக்கியது. ஒரு முழ நீளத்துக்கும் குறைவான கோல், சாதாரண பேட்டரி, ஒரு நினைவக அட்டை; பக்கத்தின்மேல் மேலிருந்து கீழாக இழுத்தால் படம் தயார். நல்ல தாளில் அச்சான புதிய நூலுக்கு இது இன்றும் பயன்படும். பழைய நூலுக்கு ஆகாது. கோலின் அடியிலுள்ள உருளைகள் தாளைத் தொட்டு இழுக்கின்றன. பொடியும் தாள் அந்த இழுப்பைத் தாங்காது. கை வேகம் ஏறி இறங்கினால் வரிகள் நெளியும், எழுத்து நீளும், சில இடங்களில் ஒரு வரியின் ஒரு கீற்றே விடுபடும். வரியை மட்டும் வருடும் பேனா ஸ்கேனர் ஒரு மேற்கோளைக் குறித்துக்கொள்ள உதவும். பக்கத்தின் சான்றாக அது நிற்காது.

மேலிருந்து நோக்கும் தூண் வடிவ ஸ்கேனர்கள் சிலவற்றில் தாளின் வளைவை அறிய ஒளிக்கோடுகள் பாய்ச்சப்படும். அவற்றைக் கொண்டு மென்பொருள் பக்கத்தைத் தட்டையாக்கும். வேலை விரைவாக முடியும். ஆனால் தட்டையாக்கப்பட்ட படம் கணக்கிட்டு வரைந்த படம். மூலப்படத்தையும் சேமிக்கும் தெரிவு இருந்தால் மட்டுமே இதை ஆய்வுக்குக் கொள்ளலாம்.

மிஞ்சுவது கேமராவும் கைபேசியும். தாளைத் தொடாமல் எடுப்பவை என்ற ஒரு காரணமே இவற்றை மேலே நிறுத்தப் போதும். லண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2015 முதல் வாசகர் தம் சொந்தக் கருவியால் படமெடுக்க இசைந்ததும், கியூவிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகம் கட்டணமின்றி அதை அனுமதிப்பதும் கவனிக்கத்தக்கவை. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004 முதல் உலகெங்கும் தொலைவிடங்களில் நடத்திய பணிகளிலிருந்து 2018இல் ஒரு வழிகாட்டி நூல் வந்தது. அவர்களும் கேமராவையும் தாங்கியையுமே பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

கைபேசிக்கும் நல்ல கேமராவுக்கும் இடையே பெரிய சண்டை வேண்டியதில்லை. இருப்பதில் எது அசையாமல் நிற்கிறதோ அது நல்லது. மடக்கக்கூடிய சிறு தாங்கி ஒன்று, தொடாமலே படமெடுக்க நேரம்வைக்கும் அமைப்பு அல்லது காதொலிப்பானின் ஒலிப் பொத்தான், முழு மின்னேற்றத்துடன் ஒரு பவர் பேங்க். ஒரு நாளைய வேலைக்கு இவ்வளவு போதும்.

6. நூலின் உடலும் ஒளியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அச்சுத்தாள் மரக்கூழால் செய்யப்பட்டது. அதிலுள்ள அமிலம் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. நம் கைக்கு வரும் 1890, 1910ஆம் ஆண்டுகளின் பதிப்புகள் மூலையில் தொட்டால் உதிர்வது இதனால்தான். இத்தகைய நூலை 180 பாகை விரித்து மேசையில் படுக்கவைப்பது கூடாது. 90 முதல் 120 பாகைக்குள் திறந்து, இரு அட்டைகளுக்கும் அடியில் நுரைப்பஞ்சுத் துண்டோ மடித்த துணியோ வைத்துத் தாங்கலாம். நூல் சாய்ந்திருப்பதால் கேமராவையும் அதே சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். வலப்பக்கங்களை எல்லாம் முதலில் வரிசையாக எடுத்து, நூலைத் திருப்பிவைத்து இடப்பக்கங்களை எடுத்தால், தாங்கியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டாம். இருவரிசைப் படங்களையும் பின்னர் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோப்பது கணினியில் எளிது.

வில்லை பக்கத்துக்கு நேர் எதிரே நிற்கிறதா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. பக்கத்தின் நடுவில் சிறிய தட்டைக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கைபேசித் திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் வில்லையின் பிம்பம் திரையின் நடுவே நின்றால் தளங்கள் இணையாக உள்ளன. விலகி நின்றால் அந்தப் பக்கம் சாய்வு இருக்கிறது. இதைத் தொடக்கத்திலும், நூலின் பாதியிலும் செய்தால் போதும். பக்கத்துக்கு மிக நெருங்கி அகல்கோண வில்லையால் எடுத்தால் ஓர வரிகள் வளையும். சற்று உயரத்துக்குப் போய் இருமடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தால் வரி நேராகும்.

ஃபிளாஷ் கூடாது. நூலுக்கு அது நல்லதன்று என்பதோடு, மையும் தாளும் மினுங்கி நடுவில் ஒரு வெண்படலம் விழும். சன்னலோரம் நேர்வெயில் படாத இடமே சிறந்தது. குழல்விளக்கின்கீழ் எடுக்க நேர்ந்தால் படத்தில் குறுக்கே சாம்பல் பட்டைகள் தோன்றுவதுண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி அடங்குகிறது. படமெடுக்கும் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று நிறுத்தினால் பட்டை மறையும். இலங்கையிலும் மின்சாரம் இதே அளவுதான். வட அமெரிக்காவில் 60 சுழற்சி என்பதால் அங்கே 120, 60 என்று கணக்கு மாறும்.

மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிவது பழந்தமிழ் இதழ்களில் பெருந்தொல்லை. பின்பக்கத்து மைத்துளி முன்பக்கத்து எழுத்தின் தலைமேல் புள்ளிபோல் நின்றுவிடும். இல்லாத புள்ளி இருப்பதாகத் தோன்றுவது, இருக்கும் புள்ளி மறைவதற்கு இணையான கேடு. எடுக்கும் தாளின் அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகினால் மறுபக்கத்து எழுத்து பின்வாங்கிவிடும். தாள் சற்றுக் கருத்துத் தெரியும், அது குறையன்று.

7. எவற்றை எடுப்பது, எவ்வரிசையில்

வேண்டிய பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவதே பெரும்பாலோர் வழக்கம். பத்தாண்டு கழித்து அந்தப் படங்களைத் திறக்கும்போது எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த நூலகத்துப் படி என்று தெரியாமல் அவை அனாதையாகக் கிடக்கும். முதல் படம் எப்போதும் ஒரு காகிதத் துண்டாக இருக்கட்டும்: நூலகத்தின் பெயர், அழைப்பு எண், பதிவு எண், நாள். அடுத்து அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், அதன் மறுபக்கம். பிறகு முகவுரை, சிறப்புப்பாயிரங்கள், பொருளடக்கம், பிழைதிருத்தம்.

பிழைதிருத்தத்தை விட்டுவிடுபவர் பலர். பதிப்பாசிரியரே திருத்திய புள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன. பின்னட்டை விளம்பரத்தையும் விடக்கூடாது. சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற சிறு பாட்டுப்புத்தகங்களைப் பற்றி ஆராய்பவருக்கு விலையும் அச்சகமும் விற்றவர் பெயரும் பெரும்பாலும் அந்த அட்டைகளிலிருந்தே கிடைக்கின்றன. ரோஜா முத்தையா திருமண அழைப்பையும் நாடக நோட்டீசையும்கூடச் சேர்த்துவைத்தார் என்பதை நினைத்துக்கொண்டால், எதை விடலாம் என்ற கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லத் தோன்றாது.

பக்க எண் படத்துக்குள் விழ வேண்டும். பழைய நூல்களில் முகவுரைக்கு ஓர் எண்வரிசை, நூலுக்கு வேறொன்று, அரும்பத அகராதிக்கு இன்னொன்று என்று இருப்பதுண்டு. தமிழ் எண்களில் பக்கம் இட்ட நூல்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்று ககரம்போலவும் இரண்டு உகரம்போலவும் ஏழு எகரம்போலவும் எட்டு அகரம்போலவும் நிற்கும். ஓரத்தை வெட்டி அழகுபடுத்திய படத்தில் இந்த எண்ணே போய்விடுகிறது.

வெற்றுப் பக்கத்தையும் எடுப்பது நல்லது. எடுக்காவிட்டால், அங்கே ஒன்றும் இல்லையா, எடுக்க மறந்தோமா என்பது பின்னாளில் தெரியாது. நூலகத்தைவிட்டுக் கிளம்புமுன் கடைசிப் பக்க எண்ணையும் படங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டதை அப்போதே கண்டுபிடித்துவிடலாம். ஊர் திரும்பிய பின் கண்டுபிடித்துப் பயனில்லை.

8. கோப்பும் சுருக்கமும்

300 பக்க நூலை ஒற்றைப் பக்கமாக எடுத்தால், படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்று கொண்டு, 1.2 ஜிகாபைட் ஆகும். இதைக் குறைக்கத் தோன்றுவது இயல்பு. குறைக்கும் இடத்தில்தான் புள்ளி சாகிறது.

ஸ்கேன் செயலிகள் பக்கத்தைப் ‘பளிச்சென’ ஆக்குவதற்குச் சாம்பல் நிறங்களையெல்லாம் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டாகப் பிரிக்கின்றன. மங்கிய மையில் நின்ற புள்ளி வெள்ளைப் பக்கம் தள்ளப்பட்டு மறைகிறது. தாளின் கறை கறுப்பாகிப் புதுப்புள்ளியாகிறது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் பிக்சல்கள் குறைக்கப்படுகின்றன, எடுத்த நாளும் நேரமும் கொண்ட உட்குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் மட்டுமே கோப்பு அப்படியே போகும். ஆய்வாளர் தமக்குள் நூல்களைப் பகிர்வது இன்று பெரும்பாலும் இவ்வழியே என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதனினும் ஆழமான ஆபத்து ஒன்றை 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலார் வெளிப்படுத்தினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில அலுவலக நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்களே மாறியிருந்தன. 6 இருந்த இடத்தில் 8 நின்றதும் உண்டு. ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துவடிவங்களைத் திரட்டி, ஒன்றின் படத்தையே மற்றவற்றின் இடத்திலும் பதித்துவிடுகிறது. மங்கலாக வந்தால் ஐயப்படலாம். இங்கோ தவறான எழுத்து கூர்மையாக, ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. ‘கு’வும் ‘சு’வும், ‘எ’யும் ‘ஏ’யும் ஒரு கீற்றில் வேறுபடும் தமிழ் எழுத்துக்கு இம்முறை எவ்வளவு தீங்கானது என்பதை விளக்க வேண்டியதில்லை. பி.டி.எஃப். கோப்பை மிகச் சிறியதாக்கித் தரும் மென்பொருள்களைப் பயன்படுத்துமுன், எழுத்துவடிவங்களை மாற்றிப் பதிக்கும் தெரிவு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஆகவே கேமரா தந்த மூலப்படம் தொடப்படாமல் ஒரு கோப்புறையில் இருக்கட்டும். வெட்டுதல், நிமிர்த்துதல், வெளுப்பாக்குதல் எல்லாம் அதன் நகலில் நடக்கட்டும். ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கு ஏற்றது. ஆய்வுப் படங்களை நூல்வாரியாகக் கோத்துக் குறிப்பெழுத, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்றாய்வு மையம் 2017இல் வெளியிட்ட டிராப்பி என்ற மென்பொருள் உதவும். இரண்டு வெவ்வேறு வட்டுகளில் ஒவ்வொரு படி, வேறோர் ஊரில் ஒரு படி என்று வைப்பது நல்வழக்கம். செயலியின் மேகக்கணிமையில் மட்டும் வைத்திருப்பது சேமிப்பு ஆகாது. பரவலாகப் புழங்கிய கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் ஒன்றாகி ஒரே நாளில் எட்டாமல் போயிற்று.

9. எழுத்துணரி

ஹெச்.பி. நிறுவனத்தில் 1985இல் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாகி, 2018இல் நான்காம் பதிப்பில் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறிய டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள், தமிழையும் படிக்கிறது. இன்றைய அச்சில் நன்றாகவே படிக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான நூல்களில்தான் தடுமாற்றம். தும்பிக்கை கொண்ட பழைய ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’யும், சுழித்து இணைந்த பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’வும் வேறெழுத்தாகப் படிக்கப்படுகின்றன. சரியாகப் படித்தாலும் கிடைப்பது புதிய வடிவில்தான். பழைய வடிவின் சான்று படத்தில் மட்டுமே இருக்கும். எழுத்துணரி தந்த பாடம் தேடுவதற்கு உரியது. மேற்கோள் காட்டுமுன் படத்தைத் திறந்து பார்ப்பதில் விதிவிலக்கு வேண்டாம்.

10. சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட தனிப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் படியெடுப்பதை உரிமைமீறலாகக் கொள்வதில்லை. ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமைக் காலம். 1956இல் மறைந்த பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையின் நூல்களுக்கு அக்காலம் 2016 முடிவோடு தீர்ந்தது. சங்கப் பாடலுக்கு உரிமையாளர் இல்லை என்றாலும், அதன் உரைக்கும் முன்னுரைக்கும் எழுதியவர் மறைந்த ஆண்டைத் தனியே கணக்கிட வேண்டும். இலங்கையில் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டு. இந்தியச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், இலாபநோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கவும் இடந்தருகிறது.

சட்டம் இசைவதும் நூலகம் இசைவதும் வேறு. நூலகத்தின் விதி கடுமையாக இருந்தால், அதற்கு உட்பட்டே எடுக்க வேண்டும். நூலகரிடம் மறைத்து எடுத்த படத்தை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டவும் முடியாது.

11. படி சேருமிடம்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரு நூலின் படி எங்கெங்கே இருக்கிறது என்பது தமிழர்க்கு வெறும் அட்டவணைச் செய்தி அன்று. ஆய்வாளர் எடுத்த முழுமையான படியை, உரிமைக் காலம் தீர்ந்த நூலாக இருந்தால், படமெடுத்த நூலகத்துக்கே ஒரு வட்டில் கொடுப்பது முதற்கடமை. நூலகங்கள் பலவற்றில் இதை மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

அப்படிக் கொடுக்கும்போது ஒன்றில் மிகுந்த விழிப்பு வேண்டும். ஒரு நூலகத்துப் படியில் எட்டுப் பக்கம் கிழிந்திருக்கும். வேறோர் ஊரில் அதே நூலின் இன்னொரு படியில் அவை கிடைக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்கிவிட ஆசை வரும். இரண்டும் ஒரே ஆண்டில் அச்சானவையாகவே இருந்தாலும், அச்சோடிக்கொண்டிருக்கும்போதே திருத்தம் செய்யும் வழக்கம் இருந்ததால் பக்கத்துக்குப் பக்கம் வேறுபாடு இருக்கலாம். மறுபதிப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரு படிகளின் படங்களையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்து, படத்தின் பெயரிலேயே நூலகத்தின் சுருக்கப் பெயரும் பதிவு எண்ணும் நான்கிலக்கப் பட எண்ணும் வரும்படி எழுத வேண்டும். படிப்பதற்கென்று சேர்த்த கோப்பு தேவையானால், அதன் முதல் பக்கத்தில் 17 முதல் 24 வரையான பக்கங்கள் இன்ன நூலகத்தின் இன்ன எண்ணுடைய படியிலிருந்து வந்தவை என்று தட்டச்சிட்டு இணைக்க வேண்டும்.